கையா, வாயா

மாலை வகுப்பில் கனி எழுதிக்கொடுத்த கட்டுரையின் அடியில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்: 'எல்லாவற்றையும் ஒப்பிட்டிருக்கிறாய். எது மேல் என்று சொல்லவே இல்லை.'

பக்கவாதத்தைக் கண்டறிய எந்த ஸ்கேன் சிறந்தது என்பதுதான் தலைப்பு. சி.டி. ஸ்கேன் விரைவானது, ரத்தக் கசிவா அடைப்பா என்று உடனே சொல்லிவிடும், ஆனால் மூளையில் அப்போதுதான் சாகத் தொடங்கிய இடம் அதன் கண்ணில் படாது. எம்.ஆர்.ஐ. அந்த இடத்தையும் காட்டும், ஆனால் நேரம் பிடிக்கும். மூன்றாவதாக வந்த சொல்வரைபடம், பேச்சு இந்தத் தலைக்குள் எங்கே குடியிருக்கிறது என்றே காட்டும்; அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். எது மேல் என்று கேட்டால் என்ன சொல்வது? 'நோயாளியைப் பொறுத்தது' என்று எழுதி, அது தப்பித்துக்கொள்கிற பதில் போலப் பட்டதால் அடித்துவிட்டு, பிறகு ஒன்றும் எழுதாமலே விட்டுவிட்டாள். அவளுடைய சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா என்று தெரு முனையில் நின்று யோசிப்பாள்.

பகலில் அவளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவில் பயிற்சி வேலை. மடை வைத்தியம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம் அது.

மடை என்பது ஜனங்கள் வைத்த பெயர். மருத்துவர்கள் சொன்ன நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு அதைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். அது பழைய வைத்தியம். சில பேருக்கு அந்தக் கட்டி சுண்ணாம்பாக இறுகி, குழாய்ச் சுவரோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் குழாய் கிழிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டியின் ஓரமாக ஒரு நூல்குழாயை நுழைத்து, அடைப்புக்கு அப்பால் பிரிகிற கிளைகளில் ஒன்றுக்கு ரத்தம் கொடுக்கலாம். ஒன்றுக்கு மட்டும்தான். மற்றக் கிளையை நம்பியிருக்கும் பாத்தி காய்ந்துபோகும். எந்தப் பாத்திக்குத் தண்ணீர் என்று வீட்டார் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் விதியென்று அழுதுவிட்டுப் போனவர்கள், இப்போது தாங்களே தேர்ந்தெடுத்துவிட்டு அழுதார்கள்.

இசக்கிமுத்துவைக் கொண்டுவந்தது ஒரு முற்பகலில். போலீஸ்காரர்களுக்குக் காக்கி யூனிபார்ம் தைக்கிறவர். ஆயத்த உடைகள் ஊரையே பிடித்துவிட்ட பிறகும், தொப்பையை மறைக்கிற மாதிரி வெட்ட இசக்கிமுத்துவால்தான் முடியும் என்று ஆய்வாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வெட்டுமேசையில் துணியை விரித்துக் கத்திரியை எடுத்தவர், அப்படியே மேசை மேல் சரிந்திருக்கிறார். வாய் இடம் பெயர்ந்து கோணியிருந்தது. வலது கையும் காலும் துணி மாதிரி தொங்கின. எதையோ சொல்ல முயன்றார். குழம்பிய சத்தம்தான் வந்தது. மனைவி செண்பகவல்லி ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ரவிக்கைத் தோளில் ஊசியும் நூலும் குத்தியபடியே இருந்தன.

கனி கேட்க வேண்டியதைக் கேட்டாள். சர்க்கரை உண்டா, மாத்திரை என்னென்ன, எப்போது விழுந்தார். கடைசிக் கேள்வி கைப்பழக்கம் பற்றியது.

"வலதா இடதாக்கா?"

"வலதுதான். கத்திரி பிடிக்கது, எழுதுறது, சோறு திங்கது எல்லாம் வலதுதான். வேற எந்தக் கையால திம்பாவ?"

கனி வலது என்று பதிந்தாள். அந்தப் பதிவு முக்கியமானது. சி.டி. எடுத்த படத்தின் மேல் கணினி ஒரு பொது வரைபடத்தை விரிக்கும். லட்சக்கணக்கான தலைகளை அலசிச் செய்த வரைபடம். வலது கைக்காரருக்குப் பேச்சு பெரும்பாலும் இடது மூளையில். இந்தக் கிளை பேச்சுக்கு, இந்தக் கிளை கைக்கு என்று வண்ணம் பூசிக் காட்டிவிடும். ஆளைக் கேட்காமலே ஆளைச் சொல்லிவிடுகிற வரைபடம்.

மேசையில் படுக்கவைத்து, தலையைப் பட்டையால் இறுக்கியபோது கனி வழக்கம்போலச் சொன்னாள்: "அண்ணாச்சி, வெளிச்சம் வரும். கண்ணை மூடிக்கிடுங்க."

இசக்கிமுத்து கண்ணை மூடினார்.

கனி ஒரு கணம் நின்றாள். பேச்சு போனவர்களுக்குப் பெரும்பாலும் கேட்பதும் விளங்காது என்று படித்திருந்தாள். இவருக்கு விளங்கியிருக்கிறது. ஒருவேளை நான் சொல்லும்போது என் கண்ணையும் மூடிக் காட்டினேனோ? பார்த்து அதேபோல் செய்திருப்பாரோ? இல்லை என்றுதான் நினைத்தாள். நிச்சயமாக இல்லையா என்று தன்னையே கேட்டபோது பதில் ஆடியது. இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், மேசை உள்ளே நகரத் தொடங்கிவிட்டது.

படம் வந்தது. இடது பக்கத்துப் பெரிய குழாயில் அடைப்பு, சுண்ணாம்புக் கட்டி. டாக்டர் ஷாகுல் திரையைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கினார். செண்பகவல்லியை உள்ளே வரச்சொன்னார். இசக்கிமுத்து பக்கத்திலேயே தள்ளுகட்டிலில் கிடந்தார்.

"கட்டியை எடுக்க முடியாதும்மா. மடைதான் வைக்கணும். ரெண்டு கிளை இருக்கு. மஞ்சளா இருக்கே, இது பேச்சு. பச்சை இருக்கே, இது வலது கை. ஒண்ணுதான் கிடைக்கும். நீங்கதான் சொல்லணும், சீக்கிரம் சொல்லணும்."

செண்பகவல்லி திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். "பெரிய ஸ்கேன் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவாவளே, அதை எடுத்துப் பாக்கலாம்லா? ஒருவேளை தப்பா இருந்தா?"

டாக்டர் கனியைப் பார்த்தார். விளக்கிச் சொல்வது பயிற்சிக்கு வந்தவர்களின் வேலை.

"அக்கா, தீப்பிடிச்ச தெருன்னு வச்சுக்கிடுங்க. சி.டி. னா தெரு முனையில நின்னு ஒரு பார்வை பாக்குற மாதிரி. எங்க எரியுதுன்னு தெரிஞ்சிரும். எம்.ஆர்.ஐ. னா ஒவ்வொரு வீட்டுக்கா போய் எது கருகிருச்சு, எது இன்னும் நிக்குதுன்னு பாக்குறது. நீங்க சொல்லுற பெரிய ஸ்கேன் அதுக்கும் மேல. கதவைத் தட்டி உள்ள யாரு குடியிருக்கான்னு கேட்டுட்டு வாறது."

"அப்ப அதுதானே நல்லது?"

"நல்லதுதான்க்கா. ஆனா தட்டிக்கிட்டே நிக்கையில தீ நிக்காது."

"அரை மணி நேரம் போகும்மா," என்றார் டாக்டர். "அதுக்குள்ள ரெண்டு பாத்தியும் காஞ்சு போகும். அப்புறம் கையும் இல்ல, வாயும் இல்ல. வலது கைக்காரர்தானே? வரைபடம் சரியாத்தான் இருக்கும்."

செண்பகவல்லி குரலைத் தாழ்த்தினாள். "நாம பேசுறது இவுகளுக்குக் கேக்குமா?"

"சத்தம் கேக்கும். அர்த்தம் ஆகாது. புரிஞ்சுக்கிற இடமும் அதே மஞ்சள்ல இருக்கு. மனசுல இருக்கதைத் தாராளமா சொல்லுங்க."

அதைக் கேட்டதும் அவள் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரி இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு பேசினாள்; அழாமல், அவசரமில்லாமல், ஏதோ பல நாள் மனப்பாடம் செய்துவைத்ததைப்போல.

"டாக்டரே, இந்த வாயி என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியாது. எங்கம்மா செத்த அன்னைக்கு, பொணம் இன்னும் எடுக்கல, 'ஒரு தண்டச்சோறு கொறஞ்சுது'ன்னாரு. வந்த சனம் அத்தனையும் கேட்டுச்சு. கடையில ஆள் இருக்கையில என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏ மலடி, ஊக்கு எடு', 'மலடி, அந்த காஜாவப் பிரி'. யூனிபார்ம் வாங்க வந்த பொம்பளப் போலீஸ் ஒண்ணு அன்னைக்கு என்னையப் பாத்துட்டு அழுதுட்டுப் போச்சு. கை போனா கடை போயிரும். கடை போனா ரெண்டு பேரும் தெருவுலதான். வாயி போனா என்ன போயிரும்? எனக்குத் தெரியல. யோசிச்சுப் பாத்தாலும் தெரியல." மூச்சு வாங்கினாள். "கை இருக்கட்டும். அந்த வாயி போகட்டும்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, நாக்கு மடங்கி, எச்சில் கலந்து. இடது கை மட்டும் எழுந்து காற்றில் எதையோ தேடியது.

"சத்தம்தான்," என்றார் டாக்டர். "வாங்க, கையெழுத்துப் போடுங்க."

கனி அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலில் வைத்தாள். அது அவள் விரல்களை நெரித்தது. இசக்கிமுத்துவின் கண்கள் மனைவியின் மேல் இருந்தன. பயந்த கண்கள் அல்ல. அர்த்தமாகாத மனிதன் ஒருவரை இப்படிப் பார்ப்பானா? பார்க்கலாம். பார்ப்பதற்கென்று தனி இடம் இருக்கிறதே. நாக்கு குழறுவது வேறு, சொல்லே போய்விடுவது வேறு என்று வகுப்பில் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. குழாய் உள்ளே போவதற்கு முன் டாக்டர் கையை எடுத்துவிட்டு, "யாராவது?" என்று கேட்பார். அறைக்குள் நிற்பவர் யாராக இருந்தாலும், தரை துடைக்க வந்தவராக இருந்தாலும், 'நில்லுங்க' என்று சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்காமல் வேலை நிற்கும்.

"யாராவது?" என்றார் ஷாகுல்.

கனியின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு நின்றது. நான் கண்ணை மூடிக் காட்டினேனா இல்லையா? இப்போது நிறுத்தி, நான் நினைத்தது தப்பாக இருந்தால், அரை மணியில் இரண்டு பாத்தியும் என்னால் காயும். ஒருவேளை. ஒருவேளை.

"சரி," என்றார் டாக்டர். குழாய் உள்ளே போனது.

இசக்கிமுத்துவின் அக்கா வடிவு விளாத்திகுளத்திலிருந்து பஸ் பிடித்து வந்துசேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. மடைக் கதவை மாற்றி வைக்க முடியாத நேரம். வெளியே நாற்காலிகளில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கனி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இடது பக்கம் அடைச்சா வலது கை போகுமாம்லா," என்றாள் வடிவு, ஒப்பாரிக்கு நடுவே. "வலது கை அவனுக்கு இரவல் கைதான். அதுக்குப் போயி இந்தப் பாடு படுதான் பாவி."

"என்ன மைனி சொல்லுதிய?"

"ஒனக்குத் தெரியாதா? சின்னதுல அவனுக்கு எல்லாம் இடது கைதான். பலகையில எழுதுனாலும் இடது, சோத்துல கை வச்சாலும் இடது. ஒரு கல்யாண வீட்ல பந்தியில இடது கையால தின்னுட்டான்னு எங்கய்யாவுக்கு மானம் போச்சு. வீட்டுக்குக் கூட்டியாந்து தோசைக் கரண்டியக் காய்ச்சி அந்தக் கையில வச்சாரு. அதுக்கப்புறம் அந்தக் கையால ஈயைக்கூட விரட்ட மாட்டான்."

செண்பகவல்லி வாய் பிளந்து இருந்தாள். "அந்தத் தழும்பு இஸ்திரிப் பெட்டி சுட்டதுன்னுல்லா சொன்னாவ."

"அப்பன் சுட்டான்னு பொண்டாட்டிகிட்ட எவன் சொல்லுவான்?"

கனி தண்ணீர்ச் செம்பை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இப்ப சொல்லி?"

"பேச்சு வலது பக்கம் இருந்திருந்தா சார்? அப்ப அவருக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும்லா?"

"இடது கைக்காரங்கள்லயும் முக்காவாசிப் பேருக்குப் பேச்சு இடப்பக்கம்தான் கனி. வீட்டாளுங்களுக்கு வீணா ஆசை காட்டாத." கொஞ்சம் யோசித்தார். "கை பிழைச்சிருக்கு. முகம் ரெண்டு நாள்ல நேராகும். மூணாம் நாள் சொல்வரைபடம் எடுத்துப் பாரு. உன் மன நிம்மதிக்கு."

மூன்றாம் நாள் எடுத்தாள். ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தவரிடம் ஒலிவாங்கி வழியாகச் சொன்னாள். "அண்ணாச்சி, நான் சொல்லுறது கேக்குதா? துணிப் பேரா மனசுக்குள்ள சொல்லுங்க. வாயை அசைக்காதீங்க. காடா, மல்லு, அந்த மாதிரி."

திரையில் மூளையின் வலது பாதி பற்றிக்கொண்டது. விளக்கு வரிசையைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக. இடப்பக்கம் காய்ந்த பாத்தி இருட்டாகக் கிடந்தது. அதில் ஒரு சொல்கூட எந்தக் காலத்திலும் குடியிருக்கவில்லை. பேச்சுக்கு ஆபத்தே வந்ததில்லை. வாயா கையா என்ற கேள்விக்கு அவசியமே இருந்ததில்லை. கை ஒன்றைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் அந்த அறையில் வீணாகச் சொல்லப்பட்டது.

டாக்டர் ஷாகுலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அடேயப்பா! ரெண்டும் பிழைச்சிருக்கு. வீட்டம்மாகிட்ட சொல்லிரலாம். முதல்ல அவர் சம்மதம் கேளு."

கேட்டாக வேண்டும். சொல்வரைபடம் வந்த பிறகு மனிதர்களின் நினைப்பே படமாகத் தெரியத் தொடங்கியதால், சுயநினைவுள்ள ஒருவரின் படத்தை அவர் அனுமதியில்லாமல் மனைவிக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. சொன்னால் வேலை போகும், உரிமம் போகும்.

கனி அவர் கட்டிலருகே போனாள். செண்பகவல்லி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். இசக்கிமுத்துவின் வாய் நேராகியிருந்தது. மூன்று நாளாக அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள்.

"அண்ணாச்சி, நல்ல சேதி. உங்க பேச்சு பத்திரமா இருக்கு. அக்காகிட்டச் சொல்லிரட்டுமா?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சொல்லாத," என்றார்.

கொஞ்சம் தடித்த, ஆனால் தெளிவான குரல்.

"அன்னைக்கு உங்களுக்கு..."

"எல்லாம் கேட்டுச்சு. எல்லாம் புரிஞ்சுது. 'எனக்கு விளங்குது'ன்னு நான் கத்துனேன். ஒங்க டாக்டரு சத்தம்தான்னாரு." சிரித்தார், சிரிப்பு இன்னும் ஒரு பக்கம்தான் வந்தது. "வாயி போகட்டும்னாள்லா? போயிட்டுன்னே இருக்கட்டும். கேட்டதைக் குடுத்துட்டேன். இனி சாவுற மட்டும் எம்மூஞ்சியப் பாத்துப் பாத்து அவ வேகட்டும். ஒரு வசவு வராதான்னு ஏங்கட்டும்."

"அது பாவம் அண்ணாச்சி. அவங்க பயத்துல..."

"பாப்பா." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீ கண்ணை மூடச்சொன்ன. நான் மூடுனேன். நீ அதைப் பாத்த. பாத்துட்டு அப்படியே நின்ன. நான் அரைக்கண்ணால உன் மூஞ்சியத்தான் பாத்துட்டுக் கிடந்தேன். பெறகு டாக்டரு 'யாராவது'ன்னு கேட்டாரு. நீ சொன்னியா?"

கனி கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

"சொல்லாம இருக்கது உனக்கு நல்லா வரும்லா. அதையே செய்யி."

செண்பகவல்லி கஞ்சித் தூக்கோடு வந்தாள். "எதாச்சும் சொன்னாவளா?" என்று கனியைக் கேட்டாள். இசக்கிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டு, மாடு மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவர் அதை முழுக்கப் பார்த்தார்.

சம்மதம் கிடைக்கவில்லை என்று மட்டும் டாக்டரிடம் சொன்ன கனி, அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. போயிருந்தாலும் எதையும் கேட்டிருக்க மாட்டாள். யாரிடமாவது சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் சட்டம், சொல்லாவிட்டால் அந்தப் பெண். இரண்டையும் எதிரெதிரே வைத்து, மழைக்காலம் முடிகிற வரை மனதிலேயே ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடிவு வரவில்லை.

மறுபரிசோதனைக்கு அவர்கள் தை மாதத்தில் வந்தார்கள். இசக்கிமுத்துவின் வலது கை நன்றாக மடங்கி நிமிர்ந்தது, கடையைத் திறந்துவிட்டாராம். மெலிந்திருந்தார். கனியைப் பார்த்துக் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். செண்பகவல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உட்காரவைத்து, வேர்வையைத் துடைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க விசும்பினாள்.

"ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த பேசமாட்டாவளா டாக்டரே? திட்டக்கூட மாட்டேங்காவளே. பாவி நான் பண்ணுன வேலை."

இசக்கிமுத்து ஸ்கேன் குழாய்க்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. கனி கண்ணாடி அறையில் திரைகளின் முன் உட்கார்ந்தாள். இன்று சொல்லிவிடுவது என்று அந்தக் கணத்தில் தீர்மானித்தாள். வேலை போகட்டும். எழுந்து வெளியே வந்து, நாற்காலியில் இருந்த செண்பகவல்லியின் பக்கத்தில் குனிந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணாச்சிக்கு..."

"பேச்சு இருக்கு. அதானே?"

செண்பகவல்லியின் கண்ணில் தண்ணீர் இல்லை. விசும்பல் கதவோடு நின்றுபோயிருந்தது. அவள் கனியின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"படம் பிடிக்கவ நீ. ஒனக்குத் தெரியாம இருக்குமா? எனக்கு ஐப்பசியிலயே தெரியும் புள்ள. தூக்கத்துல பேசுதாரு. கணீர்னு. எல்லாம் பழைய பாட்டுத்தான். மலடி, தண்டச்சோறு, ஒண்ணு விடல." குரலைத் தாழ்த்தி, ஊர்க்கதை சொல்கிறவளைப்போல முன்னால் சாய்ந்தாள். "மொத நாளு ஒடம்பு வெலவெலத்துப் போச்சு. பெறகு உக்காந்து யோசிச்சேன். காலையில எந்திரிச்சா ஒரு சத்தம் கிடையாது. கடையில ஆளுங்க என்னையத்தான் கேக்காவ, செம்பகம் மேடம் அளவு எடுங்கன்னு. நான் ரேடியோ போடுதேன். நான் நெனச்ச குழம்பு வைக்கேன். இவரு மொறைச்சுப் பாப்பாரு, அவ்வளவுதான். என்னையத் தண்டிக்காராம்!"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சந்தோசமா இருக்கேன்னு தெரிஞ்சா அன்னைக்கே வாயத் தொறந்துருவாரு. அதான், தெனமும் காலையில உள்ளி உரிக்கையில இவரு முன்னால உக்காந்து ஒரு மூச்சு அழுதுருவேன். சாமி படத்து முன்னால மண்டையில அடிச்சுக்கிடுவேன். பாத்துக்கிட்டே காப்பி குடிப்பாரு. மனசு நெறஞ்சிரும் அவருக்கு." மணிக்கட்டை இறுக்கினாள். "நீயும் சொல்லிராத கண்ணு. நல்லா இருப்ப."

கனி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்திரம் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"பாப்பா. இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"நாம பேசுறது வெளிய கேக்காதுல்லா?"

"கேக்காது."

"அவ என்ன பண்ணுதா?"

கனி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். செண்பகவல்லி காவலுக்கு நின்ற பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கையை அகல விரித்து ஒரு ஆய்வாளரின் வயிற்றளவைக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து தொடையில் தட்டிச் சிரிக்க, செண்பகவல்லியும் தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள்.

"அழுதுட்டு இருக்காங்க," என்றாள் கனி.

"நெசமாவா? நல்லாப் பாத்துச் சொல்லு."

இன்னொரு தடவை பார்த்தாள். எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள்தான்.

"ஆமா அண்ணாச்சி. ரொம்ப அழுறாங்க. அந்தக் காவல்காரம்மா சமாதானம் சொல்லிட்டு இருக்காங்க."

திரையில் இசக்கிமுத்துவின் தலைக்குள் ஒளி கிளம்பியது. வலப்பக்கம் பற்றி, நடுவே பாய்ந்து, காய்ந்த பாத்தியின் விளிம்பு வரைக்கும் பரவி நின்றது. இத்தனை தலைகளைப் படம் பிடித்தும், இவ்வளவு வெளிச்சத்தை அவள் எதிலும் பார்த்ததில்லை.

"சிரிக்காதீங்க," என்றாள். "படம் கலைஞ்சிரும்."